பெரிய பட்டமும் புளோறன்ஸின் தம்பியும்

புளோறன்ஸ் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியபோது அவள் வேலை செய்கிற டொக்டர் வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பியைப் பற்றி விசாரிக்க இங்கேயும் வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். திரும்பிப் போனால் யாராவது பார்த்துச் சந்தேகப்படுவார்கள். உள்ளே போனால் என்ன கேட்பார்களோ தெரியாது. கடைசியில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேற்றைத் திறந்தாள்.

முன்னறையில் ஒரு பொலிஸ் அதிகாரி சிரித்தபடி நின்றார். மேசையில் பெரிய பூச்செண்டு. டொக்டர் சிவபாதசுந்தரம் கதிரையில் இருந்தபடி குனிந்து அந்த அதிகாரியின் சப்பாத்தை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தோல்," என்றார் சிங்களத்தில். "இதுக்கு மேலால விரியனின்ட பல்லு இறங்காது."

அதிகாரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. டொக்டரின் மனைவி பாலேஸ்வரி புளோறன்ஸைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

"பிள்ளை, இவருக்கு அரசாங்கத்தால பெரிய பட்டம் குடுக்கினமாம். நாட்டிலேயே எல்லாத்திலும் பெரிசு. காலமை ரேடியோவில சொன்னவையாம். இது பொலிஸ், வாழ்த்துச் சொல்ல வந்தது. போன கிழமை வீடு சோதிக்க வந்ததும் இதே ஆள்தான். நான் என்ன செய்ய? தேத்தண்ணி குடுக்கவோ, கோப்பி குடுக்கவோ?"

இது தொண்ணூற்றேழாம் ஆண்டு நடந்தது. நான் அப்போது எதிர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். இதில் கொஞ்சம் நான் கண்டது, மிச்சம் புளோறன்ஸ் பிறகு சொன்னது.

டொக்டர் தன் வாழ்நாளில் முக்கால்வாசியைப் பாம்புக்கடிக்கு மருந்து கொடுப்பதிலேயே கழித்தவர். நெல் வெட்டுகிற காலத்தில் வடமத்திய மாகாணத்து வயல்களில் காலில் கடிபட்டு வருகிறவர்களைக் காப்பாற்றுவதற்காக, கொழும்பில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் போய் இருந்தார். அந்தப் பகுதி விவசாயிகள் அவரை 'பொலங்கா மாத்தயா' என்றுதான் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் பொலங்கா என்றால் விரியன், மாத்தயா என்றால் ஐயா. ஓய்வெடுத்து வெள்ளவத்தைக்கு வந்த சில வருடங்களில் ஞாபகம் குழம்பத் தொடங்கியது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. கனடாவில் இருக்கும் மகளின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார்.

அவரைக் குளிப்பாட்ட, சவரம் செய்துவிட, உடுப்பு மாற்ற, பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போக என்று அமர்த்தப்பட்டவள்தான் புளோறன்ஸ் யேசுரட்ணம். வயது நாற்பதுக்குக் கிட்ட. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில், அடுக்கடுக்கான சின்ன வீடுகளில் ஒன்றில், தாய் மாக்ரெட்டோடும் தம்பி கிளறன்ஸோடும் இருந்தாள். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்து அங்கேயே விழுந்து செத்தவர். அதற்குப் பிறகு ஒரு தனியார் மருத்துவ விடுதியில் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் தம்பியை வளர்த்தவள் அவள். கலியாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் 'அவன் வேலைக்குப் போகட்டும்' என்றாள். கிளறன்ஸ் துறைமுகத்தில் வேலைக்குப் போனான். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

பட்டம் அறிவிக்கப்படுவதற்கு மூன்று கிழமைக்கு முன் ஆமர் வீதியில் ஒரு சுற்றிவளைப்பு. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த கிளறன்ஸை மறித்து அடையாள அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. வடக்கில் பிறந்தவன் என்றாலே சந்தேகம். மாக்ரெட் மன்னார்ப் பக்கத்துக்காரி. இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போனவள், ஒரு மாதத்தில் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். கிளறன்ஸ் அதற்குப் பிறகு மன்னாரைக் கண்டதில்லை. புளோறன்ஸ் பிறந்தது கொழும்பில். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்தியை விடுகிறார்கள், ஒருவனைக் கொண்டுபோகிறார்கள். இது ஏன் என்று மாக்ரெட் பார்க்கிற எல்லாரிடமும் கேட்டாள். "நான் அவனை இங்கே பெத்திருந்தா?" என்று ஒரு பொலிஸ்காரனிடம்கூடக் கேட்டாள். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை.

முதலில் ஒரு பொலிஸ் நிலையம் என்றார்கள். அங்கே போனால் வேறொன்றைச் சொன்னார்கள். பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாம் என்று கேள்வி. மாக்ரெட் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். புளோறன்ஸ் வழமைபோல மட்டக்குளி பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்துபோனாள். டொக்டர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலையை விட்டு நிற்பாட்டிவிடுவார்கள் என்ற பயம். வெள்ளவத்தையில் அந்த நாட்களில் தமிழ் வீடுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. மற்றவருடைய துன்பம் தங்கள் வாசற்படியை மிதிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இப்போது திடீரென்று வீடு மாறிப்போனது. அமைச்சுகளிலிருந்து தொலைபேசி வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஒழுங்கைச் சனம் வாசலில் நின்று கதைத்தது. அந்தப் பட்டம் பெற்றவர்கள் ஒரே காலத்தில் உயிரோடு ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாதாம் என்று யாரோ சொன்னார்கள். "அப்ப இவருக்கு இடம் விட்டது ஆர்?" என்று இன்னொருவர் கேட்டார். "தமிழனுக்குக் குடுக்கினம் எண்டா அதில ஒரு அரசியல் இருக்கு," என்றார் எங்கள் வீட்டுக்காரர் இரத்தினசிங்கம். அன்று மாலையே தேங்காய்ப்பூ கேக் ஒன்றோடு போய் வாழ்த்திவிட்டும் வந்தார். எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெருமையாக இருந்தது. பெருமைப்படுவது சரியா என்றும் இருந்தது.

புளோறன்ஸுக்கு ஒன்று மட்டும் தோன்றியது. இவர் ஒரு வார்த்தை சொன்னால் இனி இந்த நாட்டில் யாரும் கேட்பார்கள்.

அடுத்த நாள் காலை சவரம் செய்துவிடும்போது, சவர்க்கார நுரையைப் பூசிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"டொக்டர், என்ட தம்பியைப் பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க. கிளறன்ஸ். ஒரு குத்தமும் செய்யல்ல."

டொக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது.

"ஏன் பிள்ளை எனக்கு முதலே சொல்லேல்லை? எவ்வளவு நேரமாச்சு? நான் இப்பவே கதைக்கிறன்."

எழும்பி, முகத்தில் நுரையோடு தொலைபேசிக்குப் போனார். எண்களைச் சுற்றினார். மறுபக்கத்தில் யாரோ எடுத்தார்கள். அவர் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வைத்துவிட்டு, "சாப்பாடு ஆயிட்டுதோ?" என்று கேட்டார்.

அடுத்த நாளும் சொன்னாள். அதே அதிர்ச்சி, அதே கண்ணீர், "ஏன் முதலே சொல்லேல்லை?" அதற்கடுத்த நாளும் அதேதான். ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவையாகக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே துடித்தார். கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர்கள்கூட இப்போது கிளறன்ஸின் பெயரைக் கேட்டால் கதையை மாற்றினார்கள். இந்த மனிதர் மட்டும் தினமும் அவனுக்காக அழுதார். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு கிழவரை வீணாக அழவைக்கிறேனே என்றும் இருந்தது. ஒரு காலை சொல்லாமல் விட்டுப் பார்த்தாள். அன்று முழுவதும் தம்பியைத் தெருவில் விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது.

ஒருநாள் பாலேஸ்வரி கதவடியில் நின்று கேட்டுவிட்டார். புளோறன்ஸ் சவரக்கத்தியை வைத்துவிட்டு எழும்பினாள்.

"ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா வேலைக்கு வர வேணாம்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன், அன்ரி."

பாலேஸ்வரி இல்லை என்று சொல்லவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "இந்த நேரத்தில இது வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பினம்? இவருக்கு ஒண்டும் சொல்லாதை," என்றார். மறுநாள் காலை கேற்றடியிலேயே காத்திருந்தார். "நான் நேற்றுச் சொன்னதை மற. பாவம் உன்ர தாய். இவரிட்டைச் சொல்லிப் பார்." அன்று பின்னேரம் மறுபடி, "வேண்டாம் பிள்ளை. பட்டம் வாங்கி முடியட்டும்," என்றார். புளோறன்ஸ் எல்லாவற்றுக்கும் 'ஓம் அன்ரி' என்றாள்.

விழாவுக்கு டொக்டரோடு இருவர் போகலாம் என்றிருந்தது. ஒருவர் பாலேஸ்வரி. மற்ற இடத்துக்கு உறவினர் பலர் ஆசைப்பட்டார்கள். ஆனால் புளோறன்ஸ் இல்லாமல் டொக்டர் வாகனத்தில் ஏறவே மாட்டார். அதனால் அவளே போனாள். பாலேஸ்வரி தன்னுடைய பட்டுச்சேலை ஒன்றை உடுக்கக் கொடுத்தார்.

அரசாங்க வாகனம் வந்தது. காலி வீதியில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்வரை மூன்று சோதனைச் சாவடிகள். புளோறன்ஸ் பஸ்ஸில் வரும்போது இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டும் அதே சாவடிகள். பழக்கத்தில் அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். முதலாவது சாவடியில் ஆமிக்காரன் வாகனத்துக்குள் எட்டிப் பார்த்து, நிமிர்ந்து, சல்யூட் அடித்தான். அவள் பதிலுக்கு அட்டையை நீட்டினாள். அவன் குழம்பிப்போய்க் கையால் போகச் சொன்னான்.

மண்டபத்தில் மேளம் அடித்தார்கள், சங்கு ஊதினார்கள். டொக்டரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த வேலைகளை மூன்று மொழியிலும் வாசித்தார்கள். புளோறன்ஸ் அவரைக் கையில் பிடித்து மேடைப்படி வரை கொண்டுபோய் விட்டாள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது அவர் நேராக நின்றார், நன்றாகவே நின்றார். சபை எழும்பிக் கைதட்டியது. அவளும் தட்டினாள். கண்ணீர் ஓடியது. இது டொக்டருக்காக வரும் கண்ணீரா, தம்பிக்காக வருவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பியை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தட்டுகிறேனோ என்று நினைத்ததும் தட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று தொடர்ந்தும் தட்டினாள்.

பிறகு தேநீர் விருந்து. வெள்ளை உடுத்த ஒரு பெரிய அதிகாரி வந்து டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஊர் அந்த வயற்பக்கம்தானாம். அவர் சிறுவனாக இருந்தபோது பாம்பு கடித்த அவருடைய தகப்பனைக் காப்பாற்றியது டொக்டராம். "உங்களுக்கு எங்களால் ஏதாவது ஆக வேண்டுமா, சேர்?" என்று சிங்களத்தில் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்விதான்.

டொக்டர் அவருடைய காலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற புளோறன்ஸின் முகத்தைப் பார்த்தார். குரல் திடீரென்று ஆஸ்பத்திரிக் குரலாக மாறியது.

"கிளறன்ஸ் எண்ட பொடியனைப் பாம்பு கடிச்சிருக்கு," என்றார் தெளிவான சிங்களத்தில். "இன்னும் ஏன் கொண்டு வரேல்லை? பிந்தினா உயிர் போயிடும். ஆர் அங்க பொறுப்பு?"

பாலேஸ்வரி கோப்பையை மேசையில் வைத்தார். புளோறன்ஸ் டொக்டரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் சொன்னதில் அந்தப் பெயர் அவருக்குள் எங்கோ தங்கியிருக்கிறது.

"யார் கிளறன்ஸ்?" என்று அதிகாரி கேட்டார்.

"இவருக்கு ஞாபகம் சரியில்லை, பழைய நோயாளி ஆராவது..." என்று பாலேஸ்வரி தொடங்கினார்.

"மகே மல்லி, சேர்," என்றாள் புளோறன்ஸ். என் தம்பி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. எந்த வீதியில் பிடித்தார்கள், எந்த முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டார்கள், துறைமுகத்தில் எந்தப் பகுதியில் வேலை, எல்லாவற்றையும் தடுமாறிய சிங்களத்தில் சொன்னாள்.

"பாம்பு?" என்றார் அதிகாரி.

"பாம்பு தெரியாது, சேர்."

அவர் அவளையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "பலமு," என்றார். பார்ப்போம். யாரோ கூப்பிட, போய்விட்டார்.

திரும்பி வரும்போது வாகனத்தில் டொக்டர் பதக்கத்தைத் தூக்கி, "இது ஆருடையது?" என்று கேட்டார்.

நாலைந்து நாளில் சாதாரண உடுப்பில் இருவர் வந்து பாலேஸ்வரியிடம் புளோறன்ஸைப் பற்றி விசாரித்தார்கள். யார் சேர்த்துவிட்டது, எங்கே இருக்கிறாள், தம்பி எப்படிப்பட்டவன். அவர்கள் போனபின் பாலேஸ்வரி அழுதார். "கொஞ்ச நாளைக்கு நீ வீட்டில நில், பிள்ளை. எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் மாக்ரெட் மகளோடு சண்டை பிடித்தாள். "நீ ஏன் வாயைத் தொறந்தே? அவனை இன்னும் அடிப்பாங்களே!" கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னதுதான் சொன்னே, இன்னும் விளக்கமா சொல்லியிருக்கலாமே," என்றாள். புளோறன்ஸ் இரண்டையுமே தனக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

ஒரு கிழமை ஆகவில்லை, பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா ஓடி வந்தாள். அவள் வீட்டில்தான் தொலைபேசி. பாலேஸ்வரியின் குரல் களைத்திருந்தது. "வா பிள்ளை. இவர் சாப்பிடுறார் இல்லை. பாம்பு கடிச்ச பொடியன் வந்திட்டானோ எண்டு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்ல? வாறவை வரட்டும், நீ வா."

அவள் போனாள். வேலை பழையபடி நடந்தது.

அடுத்த மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், கிளறன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். மாக்ரெட்டுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தான்.

அவன் சொன்னதும் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. ஒருநாள் முகாமுக்கு ஒரு வைத்தியர் வந்து, அவன் பெயரைக் கூப்பிட்டு, காலைக் காட்டச் சொல்லியிருக்கிறார். எங்கே பாம்பு கடித்தது என்று கேட்டிருக்கிறார். பாம்பு ஒன்றும் கடிக்கவில்லை என்றதற்கு, கோபத்தோடு, கடித்ததென்று மேலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்றாராம். ஈரச் சீமெந்தில் படுத்துக் காலில் வந்த புண்களைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து நீதிமன்றம். வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அன்று நீதிமன்றத்தில் வேறு ஏழெட்டுப் பேரையும் விட்டார்கள். அவர்களை யாருக்கும் தெரியாது, எந்தப் பாம்பும் கடிக்கவில்லை.

இதற்கிடையில் மாக்ரெட் அமர்த்தியிருந்த ஒரு வக்கீல், விடுதலை தன்னால்தான் என்றார். மாக்ரெட் அந்தோனியார் என்றாள். பாலேஸ்வரி, "இவர்தான், இவர் சொன்னதுதான்," என்று ஒழுங்கை முழுவதும் சொன்னார். முன்பு வாயைத் திறக்கப் பயந்தவர். புளோறன்ஸ் யாரோடும் வாதாடவில்லை.

அவள் தம்பியை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். கிளறன்ஸ் அவர் காலடியில் முழங்காலில் இருந்தான். டொக்டர் அவன் தலையைத் தடவிவிட்டு, "ஆர் இந்தத் தம்பி?" என்று கேட்டார். "கிளறன்ஸ், டொக்டர்," என்றாள் புளோறன்ஸ். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தப் பெயரும் போய்விட்டிருந்தது.

கிளறன்ஸுக்கு நித்திரை வரவில்லை. ஒரு நாள் அக்காவிடம் சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் ராமையா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்றவன். அவனுடைய கால் வீங்கிக் கறுத்திருந்ததாம். "முகாமுக்கு அந்த டொக்டர் வந்தப்போ அவன் தன்ட காலையும் நீட்டினான், அக்கா. பார்க்கல்ல. என்ட பேர்தான் சொல்லியிருந்தாங்களாம்."

மறுநாள் காலை நுரையைப் பூசிக்கொண்டே புளோறன்ஸ் சொன்னாள்: "டொக்டர், ராமையான்னு ஒரு பையன். கால் வீங்கியிருக்கு." பல கிழமைகள் சொன்னாள். டொக்டர் சில நாள் அழுதார், சில நாள் சிரித்தார், பிறகு பேச்சே நின்றது. பாலேஸ்வரி தானே அந்த வெள்ளை உடுத்த அதிகாரியைத் தேடித் தொலைபேசி எடுத்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. கிளறன்ஸ் ஹட்டனுக்குப் போய்த் தோட்டம் தோட்டமாகக் கேட்டான். ராமையாக்கள் பலர் இருந்தார்கள், அவன் தேடிய ராமையா இல்லை.

அடுத்த வருடம் டொக்டர் காலமானார். பொரளையில் தகனம். துப்பாக்கி தாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள், பதக்கத்தைத் தலையணையில் வைத்துக் கொண்டுபோனார்கள். புளோறன்ஸும் கிளறன்ஸும் கூட்டத்தின் பின்னால் நின்றார்கள். பாலேஸ்வரி மகளிடம் கனடாவுக்குப் போனார்.

மாக்ரெட் விடவில்லை. சைவக்காரராக இருந்தால் என்ன, டொக்டருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று மூவருமாகக் கோயில் அலுவலகத்துக்குப் போனார்கள். சுவாமியார் தயங்கவில்லை. பூசையில் வாசிக்கிற பெயர்களில், இறந்தவர்களுக்கான பக்கத்தில் சிவபாதசுந்தரம் என்று எழுதினார். அப்போது கிளறன்ஸ், "இன்னொரு பேரும் சேர்க்கணும், ஃபாதர். ராமையா," என்றான்.

"இறந்தவரா, உயிரோட இருக்கிறவரா?"

கிளறன்ஸ் தாயைப் பார்த்தான். மாக்ரெட் புளோறன்ஸைப் பார்த்தாள். சுவாமியார் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"தெரியாது, ஃபாதர்," என்றாள் புளோறன்ஸ். கொஞ்சம் பொறுத்து, "உயிரோட இருக்கிறவங்கள்ல வாசிங்க," என்றாள்.